பிடித்து விடுதல்

முதல் சால்மனைப் பிடித்த மறுநாள் அதன் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் அழைத்துவிட்டார்.

"எத்தன கிலோ இருக்கும்?"

"மூணு இருக்கும்ப்பா."

"கொழம்பா, பொரிச்சியா?"

"இல்லப்பா, விட்டுட்டேன். இங்க இந்த மாதிரி மீன விட்டுரணும். சட்டம்."

"அப்ப இனிமே போவமாட்ட."

"அடுத்த சனிக்கிழமையும் போறேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் போலக் கேட்டார். "விடுததுக்கு எதுக்குல புடிக்க?"

விளையாட்டுக்கு, மன அமைதிக்கு, ஆற்றைத் தெரிந்துகொள்வதற்கு என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி அந்த இலையுதிர் காலம் முழுக்க என்னோடு காரில் வந்தது.

ஸ்கைகோமிஷ் ஆறு கேஸ்கேட் மலைகளில் பிறந்து மேற்கே இறங்குகிறது. மன்ரோ என்ற ஊருக்கு அருகே ஸ்னோக்வால்மி ஆற்றோடு சேர்ந்து ஸ்னோஹோமிஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, எவரெட்டில் கடலில் கலக்கிறது. சியாட்டிலில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அக்டோபரில் கரையோர மேப்பிள் மரங்கள் மஞ்சளாகிவிடும். ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். தூண்டிலில் மீனைவிட அதிகமாக எனக்கு மாட்டியது அந்த இலைகள்தான்.

தெரியாத ஒரு ஆற்றை எனக்குத் தெரிந்த வழியில் கற்கத் தொடங்கினேன். கோல்ட் பார் அருகே அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் அளவுமானி ஒன்று இருக்கிறது. நொடிக்கு எத்தனை கன அடி நீர் போகிறது என்பதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அந்த எண்ணையும் மழைக் கணிப்பையும் சேர்த்து, 'இன்று போகலாம்' என்று கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். நிரல் பிழையின்றி ஓடியது. நான்கு சனிக்கிழமைகள் வெறுங்கையோடு திரும்பினேன்.

ஐந்தாவது வாரம், எனக்குக் கீழே நின்று மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பொறுக்கமாட்டாமல் மேலே வந்தார். அதிகம் பேசவில்லை. தூண்டிலின் நுனியால் நீரில் ஒரு கோட்டைக் காட்டினார். வேகமாக ஓடும் நீரும் சும்மா சுழலும் நீரும் உரசிக்கொள்ளும் இடம். நுரை ஒரு நூல் மாதிரி அதன் மேல் போய்க்கொண்டிருந்தது. கடலில் இருந்து எதிர்நீச்சல் போட்டு வரும் மீன், வேகத்தை ஒட்டி, ஆனால் வேகத்துக்குள் போகாமல் இளைப்பாறும். அங்கே போடு என்றார்.

இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அம்பாசமுத்திரத்துப் பக்கம் தாமிரபரணியில் அப்பா மூங்கில் கம்பும் தங்கூசும் மயிலிறகுத் தண்டில் செய்த மிதப்புமாக உட்கார்ந்திருப்பார். நான் மண்புழு டப்பாவோடு பக்கத்தில். "நொர போற எடத்தப் பாருல" என்பார். எந்த மருத மரத்துக்கு நேரே கசம் இருக்கிறது, வெள்ளம் வடிந்த பிறகு கெளுத்தி எந்தக் கல்லடியில் கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அது அவருக்குத் தெரிந்த ஆறு, அதனால் தெரிகிறது என்று நினைத்திருந்தேன். பொறியியல் கல்லூரியில் பாய்ம இயக்கவியல் படித்துப் பாஸான எனக்கு அந்த நுரைக்கோடு ஒருநாளும் கண்ணில் படவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அப்பாவின் ஆற்றில் இல்லாதது. நன்னீருக்குள் நுழைந்த சால்மன் பெரும்பாலும் உணவை நிறுத்திவிடுகிறது. முட்டையிட்டுச் சாவதற்காக வருகிற மீன் அது. கடலில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் மலையேறுகிறது. பிறகு ஏன் தூண்டிலைக் கடிக்கிறது? எரிச்சலில், பழக்கத்தில், இடத்தை விட்டுக்கொடுக்காத வீம்பில் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வள்ளுவர் சூதாட்ட வெற்றியைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்குவதோடு ஒப்பிடுகிறார். நம் மரபில் தூண்டிலில் மாட்டிய மீன் என்றாலே ஆசைக்கு ஆட்பட்டது, பாதித் தப்பு அதனுடையது. இந்த மீனிடம் அப்படி ஒரு தப்பும் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் முகத்துக்கு நேரே எவனோ பளபளவென்று எதையோ ஆட்டினான். அவ்வளவுதான்.

என் முதல் மீனை அந்த நுரைக்கோட்டில்தான் பிடித்தேன். கோஹோ சால்மன். வலைக்குள் வந்ததும் பெரியவர் முதலில் பார்த்தது அதன் முதுகை. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சதைத் துணுக்கு இருக்கும். கொழுப்புத் துடுப்பு என்று பெயர். மீன் பண்ணையில் பொரித்து ஆற்றில் விடப்படும் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் இதை வெட்டிவிடுகிறார்கள். துடுப்பு இல்லையென்றால் பண்ணை மீன், கொண்டுபோகலாம். இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன், விட்டுவிட வேண்டும். எந்த ஆற்றில் எந்த மீனுக்கு இந்த விதி என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். நான் போன பருவத்தில், நான் நின்ற இடத்தில் அப்படி. விடவேண்டிய மீனை நீருக்கு வெளியே முழுதாகத் தூக்கவும் கூடாது.

என் மீனுக்குத் துடுப்பு இருந்தது. நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, வாலைப் பிடித்து எதிர்நீரில் நிறுத்தினேன். கைக்குள் ஒருமுறை இறுகியது, போய்விட்டது. அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். உயிரைக் கொல்லவில்லை, சட்டத்தை மீறவில்லை, ஆற்றையும் கொஞ்சம் படித்தாயிற்று. அந்த சந்தோஷத்தின் படத்தைத்தான் அப்பாவுக்கு அனுப்பினேன்.

அவருடைய கேள்விக்குப் பிறகு கண்டதையும் படிக்க ஆரம்பித்தேன். 2003இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் டிரவுட் மீனின் உதட்டில் தேனீ விஷத்தையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தொட்டியின் சரளைக்கற்களில் உதட்டைத் தேய்த்தன. வெகுநேரம் இரை எடுக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜேம்ஸ் ரோஸ் என்பவர், வலியை உணரத் தேவையான பெருமூளைப் புறணி மீனுக்கு இல்லை, நாம் காண்பது வெறும் அனிச்சை என்று எழுதியிருந்தார். வாதம் இன்னும் முடியவில்லை. நான் எந்தப் பக்கத்தை நம்ப ஆசைப்படுவேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும், அதனாலேயே அந்தப் பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியிருந்தது.

சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள், விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதையே தடை செய்கின்றன. அலாஸ்காவின் யூபிக் மக்கள் இன்னும் நேராகச் சொல்கிறார்கள்: இது உணவோடு விளையாடுவது. மீன் தன்னைத் தருவதற்காக வருகிறது, வந்ததைத் திருப்பி அனுப்புவது அவமரியாதை என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருமுறைகூட பனியைப் பார்க்காத என் அப்பா கேட்டதும் ஏறக்குறைய அதேதான்.

திருக்குறளில் 32ஆம் அதிகாரம் இன்னா செய்யாமை. 33 கொல்லாமை. (26, புலால் மறுத்தல். அதைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை.) 33ஐக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமிதத்தில், சனிக்கிழமைதோறும் 32ஐ மீறிக்கொண்டிருந்தேன். உண்பதற்காகக் கொல்பவனிடம் 'பசி' என்று ஒரு பதிலாவது இருக்கிறது. என்னிடம் இருந்தது 'நன்றாக இருக்கிறது' மட்டும்.

அப்பாவையும் சும்மா விடக்கூடாதில்லையா? "நீங்க மட்டும் பசிக்கா புடிச்சீங்க? சந்தையில அத விட சல்லிசா கெளுத்தி கெடைக்குமே" என்று கேட்டேன். சிரித்தார். "அது சரிதாம்ல. சும்மா உக்காரப் போறதுதான். ஆனா புடிச்சத தின்னுருவோம்லா." தின்றது ஒரு நியாயமா, அல்லது பின்னால் ஒட்டிய சாக்கா என்று அவருக்கும் தெரியவில்லை. சின்னக் கெண்டைகளை அவரும் திருப்பி விட்டவர்தான். பெரியதை விட்டதை நான் பார்த்ததில்லை.

அக்டோபர் கடைசியில் அது நடந்தது. மறுபடி ஒரு கோஹோ, பெண் மீன். முள் உதட்டில் இல்லை, செவுளில் ஏறியிருந்தது. செதில் இல்லாத முள்தான், விதிப்படி. கழற்றியபோது ரத்தம் நீரில் கயிறுபோல நீண்டது. கொழுப்புத் துடுப்பு முழுசாக இருந்தது. சாகப்போகிறது என்று தெரிந்தது. ஆனாலும் எடுத்துப்போக முடியாது, விடத்தான் வேண்டும். அந்தச் சட்டம் தவறென்று சொல்லமாட்டேன். 'எப்படியும் செத்துவிடும்' என்பதற்கு விலக்குக் கொடுத்தால் எல்லா மீனும் எப்படியும் செத்துவிடும் மீனாகிவிடும். பத்து நிமிடம் எதிர்நீரில் பிடித்துக்கொண்டு நின்றேன். கையை எடுத்ததும் பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளை வயிறு தெரிய, நுரைக்கோட்டிலேயே மிதந்து போனது.

பெரியவர் ஆறுதல் சொன்னார். இந்த ஆற்றில் எதுவும் வீணாவதில்லை. கழுகு தின்னும், மிச்சத்தை மரம் தின்னும். உண்மைதான். சால்மன் கொண்டுவரும் கடல் நைட்ரஜனைக் கரையோர மரங்களில் கண்டறிந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் வருவது முட்டையிட்ட பிறகு சாகும் மீன். இதன் வயிற்றில் முட்டைகள் அப்படியே இருந்தன. ஆற்றின் நியாயத்தை என் நியாயமாகக் கடன் வாங்க மனம் ஒப்பவில்லை.

அதற்கடுத்த வாரம் துடுப்பு வெட்டப்பட்ட மீன் கிடைத்தது. தலையில் ஒரு அடி அடித்துக் கொன்றேன், வீட்டுக்குக் கொண்டுவந்து புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். சால்மன் நம் குழம்புக்கு லாயக்கில்லை, அது வேறு கதை. சாப்பிடும்போது அந்த வெட்டுத்தான் உறுத்தியது. இதுவும் குஞ்சாகக் கடலுக்குப் போய், சீல்களிடம் தப்பி, அதே நுரைக்கோட்டில் அதே மாதிரி இளைப்பாறிய மீன். இதற்கும் அதற்கும் ஒரு பூலியன்தான் வித்தியாசம். நாம் உண்டாக்கியதை நாம் கொல்லலாம், தானாக வந்ததைக் கொல்லக்கூடாது. ஆற்றைக் காப்பதற்கு இந்த ஏற்பாடு தேவையாக இருக்கலாம். பியூஜெட் சவுண்டின் சினூக் சால்மன் 1999 முதல் அருகும் இனப் பட்டியலில் இருக்கிறது, எதையாவது வைத்துக் கோடு போடத்தான் வேண்டும். ஆனால் உண்டாக்கியவனுக்குக் கொல்லும் உரிமை உண்டு என்பதை வேறெந்த இடத்திலாவது நாம் ஒப்புக்கொள்வோமா? வேலை விசாவில் இருக்கிற எனக்கு, உடம்பில் ஒரு குறி இருப்பதை வைத்து யார் இருக்கலாம் யார் போகலாம் என்று பிரிப்பது அவ்வளவு அந்நியமாகவும் படவில்லை.

யாருடைய ஆறு என்ற கேள்வியும் இருக்கிறது. என் மீன்பிடி உரிமத்தை நான் இணையத்தில் சில நிமிடங்களில் வாங்கினேன். இந்த நிலத்தின் பழங்குடிகள் 1855 ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய மீன்பிடி உரிமையை, 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்புச் சொல்லும் வரை, கைதாகிக் கைதாகிப் போராடித்தான் நிலைநாட்டினார்கள்.

பண்ணை மீன் மட்டும் பிடிப்பது என்று முடிவெடுத்துப் பார்த்தேன். அது நடக்காது. நீருக்கு அடியில் எதற்குத் துடுப்பு இருக்கிறது என்று தூண்டிலுக்குத் தெரியாது. ஒரு குழம்புக்கு எத்தனை வாய்களைக் கிழிக்கலாம் என்பதுதான் கணக்கு, அதற்கு என்னிடம் எண் இல்லை. ஒன்று கிடைத்தால் அன்றைக்கு நிறுத்துவது, காட்டு மீன் இரண்டு மாட்டினாலும் நிறுத்துவது என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். இரண்டு ஏன், ஒன்று ஏன் இல்லை என்று கேட்டால் பதில் கிடையாது.

நவம்பரின் முதல் சனிக்கிழமை, மழை வருவதற்கு முன், தூண்டிலைக் காரிலேயே விட்டுவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்தேன். காலை எட்டு மணி, அங்கே இரவு எட்டரை. அப்பா வீடியோவில் வந்தார்.

"ஆத்துலயா இருக்க? தண்ணியக் காட்டு."

கேமராவைத் திருப்பினேன். இந்த ஆற்றை அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தா வலப்பக்கம் கருப்பா ஒரு கல்லு தெரியுதுல்லா?"

"ஆமாப்பா."

"அதுக்குக் கீழ, நொர திரும்புது பாரு. அங்க போடுல."