திறமை என்னும் திரை

சீட்டாட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்னும் வினாவை நம் நாட்டு நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வருகின்றன. 1967-ஆம் ஆண்டு ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில், ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. விழுந்த சீட்டுகளை நினைவில் இருத்த வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று கணிக்க வேண்டும். ஆதலின் இது மூன்று சீட்டு போன்ற வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் அன்று என்பது அதன் கருத்து. 1996-இல் நம் மாநிலத்திலிருந்து சென்ற லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயமும் அதே வரிசையில் இடம் பெற்றது.

இவ்விரு தீர்ப்புகளின் நிழலில்தான் கைப்பேசி ரம்மி தழைத்து வளர்ந்தது. பணம் இழந்தோர் உயிரையும் மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வரவே, தமிழக அரசு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தை 2021 ஆகஸ்டு 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022-இல் குழு அமைந்தது. புதிய மசோதா வந்தது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். பேரவை மீண்டும் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைத்தல் ஆகாது என்று விலக்கிவிட்டது. பின்னர் 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 முதல் விடியற்காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது, 18 வயது நிரம்பாதோருக்கு இடமில்லை என்னும் விதிகள் வந்தன. அவை செல்லும் என்று ஜூன் 3 அன்று தீர்ப்பாயிற்று.

இத்தனைக்கும் பிறகு, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாட்களில் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, அந்தப் பழைய வினாவையே ஓரமாய் ஒதுக்கி வைத்தது. திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டம் கூடாது என்பது அதன் சாரம். 22-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. சில நாட்களிலேயே பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களைத் தாமே நிறுத்திக்கொண்டன. எதிர்த்து வழக்குகளும் எழுந்தன.

சட்டத்தின் தலைவிதியை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. ஓர் ஆட்டத்தில் திறமை இருக்கிறது என்று நிறுவிவிட்டால், அதனால் அடையும் ஆதாயம் நேர்மையானதாகிவிடுமா?

நம் மார்க்க அறிஞர்கள் இதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விவாதித்திருக்கிறார்கள் என்பதைப் பலர் அறியார். அம்பெய்தலும் குதிரையோட்டமும் திறமை அல்ல என்று எவரேனும் சொல்வரா? அவற்றில் போட்டி வைக்கவும் பரிசு வழங்கவும் அனுமதி உண்டு. ஆயினும் பரிசுப் பொருளைத் தருபவர் யார் என்று அவர்கள் கேட்டார்கள். ஆட்சியாளரோ, போட்டியில் கலவாத வேறொருவரோ தந்தால் ஆகும். போட்டியாளர் இருவரும் ஆளுக்கொரு தொகை வைத்து, வென்றவன் இரண்டையும் எடுத்துச் செல்வதாயின், அதைச் சூது என்றே பெரும்பாலோர் கொண்டனர். பணம் எதுவும் வைக்காத மூன்றாமவன் ஒருவனும் போட்டியில் இறங்கினாலன்றி அது ஆகுமானதாகாது என்று நிபந்தனை விதித்து, அவனுக்கு முஹல்லில் என்று பெயரும் இட்டனர். சட்ட நுணுக்கம் என்று இதைத் தள்ளிவிடலாகாது. உன் கைக்கு வரும் பணம் எவனுடைய இழப்பிலிருந்து வருகிறது என்பதே இதில் அடங்கிய கேள்வி.

இக்கேள்வியை வைத்துப் பார்க்கும்போது, திறமை என்னும் வாதம் தலைகீழாகிறது. வெறும் அதிர்ஷ்டமாயின் தேர்ந்தவனுக்கும் புதியவனுக்கும் வாய்ப்பு ஒன்றே. திறமையாயின், நேற்று ஆடத் தொடங்கிய கூலித் தொழிலாளி, பல்லாண்டு பழகியவன் முன்னே அமர்கிறான். நாளடைவில் அவன் தோற்பது உறுதி. இவர்களுக்கு மேசை போட்டுக் கொடுத்த நிறுவனமோ யார் வென்றாலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. 1967 தீர்ப்பிலேயே இதற்கோர் எச்சரிக்கை உண்டு. ஆட்டத்திலிருந்து மன்றம் நடத்துபவர் ஆதாயம் அடைந்தால் அது குற்றமாகலாம் என்று நீதிபதிகள் குறித்திருக்கிறார்கள். தீர்ப்பின் முற்பகுதியை மேடைதோறும் முழங்கியவர்கள் இப்பகுதியை ஏனோ மெல்ல விழுங்கிவிட்டார்கள்.

வயது வந்தவன் தன் பணத்தைத் தன் விருப்பப்படி செலவிடுவதை அரசு தடுக்கலாமா என்று கேட்பாரும் உண்டு. எளிதில் தள்ளத்தக்க கேள்வி அன்று இது. மனிதனின் ஒவ்வொரு தவறுக்கும் காவலர் வேண்டும் என்போர் வாழும் நாட்டில் நானும் வாழ விரும்பேன். ஆனால் விருப்பம் என்பது எந்த நேரத்து விருப்பம்? எந்த நாளில் சம்பளம் வருகிறது, எத்தனை தோல்விக்குப் பின் எழுந்து போகிறான், எந்தச் சலுகை காட்டினால் திரும்பி வருவான் என்றெல்லாம் கணக்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் முன்னே, அரியலூர்ச் சிமெண்டு ஆலையில் இரவு வேலை முடித்துக் களைத்த ஒருவன் தனியே அமர்ந்து தரும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நள்ளிரவுத் தடை விதியின் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

வேளாண்மையும் சூதுதானே என்று வேடிக்கையாகச் சொல்வார் உளர். பெரம்பலூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் பயிரிடுபவரைக் கேட்டால் அவரே அப்படித்தான் சொல்லுவார். நல்ல விலை வரும் என்று பட்டறை போட்டு வைப்பார்; விலை விழும்; அழுகலும் சேரும். ஆனால் அவர் நட்டப்பட்ட ஆண்டிலும் அந்த வெங்காயம் யாரோ ஒருவர் வீட்டுக் குழம்பில் சேர்ந்திருக்கும். ரம்மி மேசையில் விடிய விடிய ஆடியபின் உலகில் ஒரு மிளகளவு பொருளும் கூடுவதில்லை.

இனி, வருவாய் என்னும் வாதம். தடைச் சட்டம் வந்தபோது, இரண்டு லட்சம் பேரின் வேலையும் ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாய் வரியும் போய்விடும் என்று தொழில் அமைப்புகள் முறையிட்டன. இவ்வாட்டங்களில் மக்கள் ஆண்டுதோறும் இழக்கும் தொகையும் சுமார் 20,000 கோடி என்றே அரசுத் தரப்பு மதிப்பிட்டது. இரண்டும் தோராயமே, எனினும் ஒரே எண் இரு தரப்பின் வாயிலும் வந்தது என் மனத்தை உறுத்துகிறது. அறியாமைக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளால் குறி போட்டு ஆடினர். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிக் கொடையாளி என்று பெயரெடுத்தனர். சூதில் பயனே இல்லை என்று திருமறை சொல்லவில்லை. சில பயன்கள் உண்டென ஒப்புக்கொண்டே, கேடு அதனினும் பெரிதென்கிறது. நம் மாநிலமும் 1968-இல் பொதுநலத்தின் பேரால் பரிசுச் சீட்டைத் தொடங்கி, இடையில் நிறுத்தி, மீண்டும் நடத்தி, 2003-இல் தடை செய்து ஓய்ந்தது. இணைய ஆட்டத்தில் கட்டும் தொகை முழுவதன் மீதும் 28 விழுக்காடு வரியை 2023 அக்டோபர் முதல் விதித்த மத்திய அரசு, அடுத்த இரண்டாண்டில் அவ்வாட்டத்தையே தடுத்திருக்கிறது. வரி வாங்கிய நாட்களில் அது கேடாகத் தெரியவில்லையா?

ஆட்டம் என்பதையே வெறுப்போர் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டா. பணம் வைக்காத மின்னணு விளையாட்டுப் போட்டிகளைப் புதிய சட்டம் முறையான விளையாட்டாக ஏற்றிருப்பது நன்றே. என் கவலை சிறுவர் விளையாட்டுகளைப் பற்றியது. விலை கொடுத்து ஒரு பெட்டியைத் திறக்கிறான் சிறுவன். உள்ளே என்ன இருக்கும் என்பது திறந்தபின்தான் தெரியும். கத்தியோ, சட்டையோ, ஒன்றுக்கும் உதவாத பொருளோ, எல்லாம் திரையில் மட்டுமே உள்ளவை. பெல்ஜியம் 2018-லேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. ஃபோர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் நிறுவனம், வேண்டாத பொருளை வாங்க வைக்கும் வகையில் பொத்தான்களை அமைத்திருந்தது என்ற குற்றச்சாட்டின் பேரில் 24 கோடியே 50 லட்சம் டாலரைத் திருப்பித் தர 2022-இல் அமெரிக்காவில் இணங்கிற்று. நம் நாட்டில் ஃப்ரீ ஃபயர் ஆட்டம் 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டதற்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. பிள்ளைகளின் பணமோ பொழுதோ அன்று பேச்சில் இல்லை. 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்பெட்டிகளைப் பெயர் சொல்லித் தொடவில்லை.

லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் எத்தனையோ வீடுகளின் ஆண்மக்கள் சபரில் இருக்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கு, வீட்டில் தாயின் கைப்பேசியோடு இணைந்திருக்கிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளை கையில் எடுப்பதும் அதே கைப்பேசியைத்தான்.