பொட்டலத்தின் பின்பக்கம்

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் லமார் சாலையும் ஆறாவது தெருவும் சேரும் இடத்தில் ஹோல் ஃபுட்ஸ் மார்க்கெட்டின் பெரிய கடை இருக்கிறது. 2005-இல் திறந்தார்கள், 80,000 சதுர அடி. காய்கறிப் பகுதியில் பீட்ரூட்டும் கேரட்டும் தழையோடு கிடக்கும். தழை எவ்வளவு வாடியிருக்கிறது என்று பார்த்தால் பறித்து எத்தனை நாளாகியிருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். குவியலுக்கு மேலே எந்த ஊர் விளைச்சல் என்று எழுதிய அட்டை. வாழைப்பழத்தில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளில் 4011 என்றிருந்தால் வழக்கமான முறையில் விளைந்தது. முன்னால் ஒரு 9 சேர்ந்து 94011 என்றிருந்தால் ஆர்கானிக்.

எனக்கு இந்தக் கடை பிடிக்கும். வீட்டுக்குச் சாமான் வாங்குகிற பொறுப்பு உள்ள யாருக்கும் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். செயற்கை நிறம், செயற்கை மணம், அஸ்பார்டேம் போன்ற இனிப்பு, சோளத்திலிருந்து எடுக்கும் ஃப்ரக்டோஸ் பாகு என்று முந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்களின் பட்டியலைப் போட்டு, இவற்றில் எது சேர்ந்திருந்தாலும் அந்த உணவை எங்கள் அலமாரியில் வைக்கமாட்டோம் என்று அறிவித்திருக்கிறார்கள். வேறு கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துக் கண் வலித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இங்கே தருகிற கூடுதல் விலையில் ஒரு பங்கு அந்த நிம்மதிக்கானது. பொறுப்புள்ள ஒருவர் எனக்கு முன்பே படித்துவிட்டார் என்ற நிம்மதி.

ஆனால் கையில் பையோடு வெளியே வரும்போது ஒரு கேள்வி விடாமல் கூட வருகிறது. கெடுதல் இல்லாத சாப்பாட்டைத் தேடிப்போய், அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியதாக ஏன் இருக்கிறது? எந்தத் தெருவில் எந்தக் கடையில் எதை எடுத்தாலும் நம்பிச் சாப்பிடலாம் என்ற நிலை ஏன் இல்லை?

இந்தக் கடை பிறந்த கதையில் பணக்காரத்தனம் எதுவும் கிடையாது. 1978-இல் ஜான் மேக்கி என்ற இளைஞரும் அவர் தோழி ரெனே லாசனும் கடன் வாங்கி ஆஸ்டினில் ஒரு சின்ன இயற்கை உணவுக் கடை போட்டார்கள். 1980-இல் அருகிலிருந்த இன்னொரு கடையோடு சேர்ந்து ஹோல் ஃபுட்ஸ் ஆனார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் நகரத்தில் பெருவெள்ளம். சரக்கெல்லாம் நாசம்; ஏறக்குறைய நான்கு லட்சம் டாலர் நட்டம்; காப்பீடும் இல்லை. அக்கம்பக்கத்தாரும் வாடிக்கையாளர்களும் தாமாக வந்து சேற்றை வாரிக் கொட்டினார்கள். பொருள் கொடுத்தவர்களும் கடன் கொடுத்தவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். 28 நாளில் கடை மறுபடி திறந்தது. அந்தக் கடைதான் 2017-இல் 1,370 கோடி டாலருக்கு அமேசானின் கைக்குப் போனது. சேறு வாரியவர்கள் எதற்காக வாரினார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. நல்ல பொருள் கிடைக்கிற ஒரு கடை ஊருக்குள் இருக்க வேண்டும், அது தங்கள் எல்லோருக்கும் பொது என்று நினைத்திருக்க வேண்டும்.

நிலக்கடலை வெண்ணெயைப் பாருங்கள். இந்தக் கடை பாட்டில் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டே பொருள்தான்: நிலக்கடலை, உப்பு. மூடியைத் திறந்தால் மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் நிற்கும். அடியில் விழுது இறுகிக் கிடக்கும். கத்தியை அடிவரை விட்டு, எண்ணெய் வழியாமல் மெல்லக் கிண்டி, கலந்ததும் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மணிக்கட்டு வலிக்கிற வேலை. இந்த எண்ணெய் பிரியாமல் இருப்பதற்காகவே மற்ற கடைகளில் விற்கும் பாட்டில்களில் பெரும்பாலும் ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயைச் சேர்க்கிறார்கள், கூடவே சர்க்கரையும். இன்று சேர்ப்பது முழுமையாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய். அதில் டிரான்ஸ் கொழுப்பு அநேகமாக இருக்காது. டிரான்ஸ் கொழுப்பு மிகுந்த, பகுதியளவு ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்தான் ஆபத்தானது. அது மலிவு, எளிதில் கெட்டுப்போகாது, பிஸ்கட்டை மொறுமொறுப்பாக வைக்கும். கெட்ட கொழுப்பை ஏற்றி நல்ல கொழுப்பை இறக்கி மாரடைப்புக்கும் வழி செய்யும்.

அந்த எண்ணெய்க்கு இந்தக் கடை வெகுகாலம் முன்பே கதவைச் சாத்திவிட்டது. அதற்கு என் மரியாதை உண்டு. ஆனால் அதனால் தப்பித்தவர்கள் இங்கே வாங்க முடிந்தவர்கள் மட்டும். 2003-இல் டென்மார்க் ஒரு சட்டம் போட்டது: நாட்டில் யார் விற்றாலும் கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு இருக்கக்கூடாது. 2006-இல் நியூயார்க் நகரம் உணவகங்களில் தடை விதிக்க முடிவு செய்தது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2015-இல் இந்த எண்ணெயைப் பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்று தீர்மானித்து, 2018-க்குள் கைவிடச் சொன்னது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் 3 சதவீதம் என்றும் 2022-இல் 2 சதவீதம் என்றும் வரம்பைக் குறுக்கியது. அதே வகை எண்ணெயான டால்டாவின் டப்பா இல்லாத சமையலறை அபூர்வமாக இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு, டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பப்ஸைத் தின்றே மதியத்தைக் கழிக்கிறவர்களுக்கு, இந்த 2 சதவீதம் எவ்வளவு பெரிய விஷயம்! அந்தப் பப்ஸ் தின்கிறவருக்கு டிரான்ஸ் கொழுப்பு என்ற பெயரே தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமலேயே அவருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது, விதியை ஒழுங்காக அமல்படுத்தினால்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் இதே கடையில் பார்க்கலாம். மசாலா அலமாரியில் இளஞ்சிவப்பு உப்பு. பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டி எடுத்தது, இமயமலை உப்பு என்ற பெயரில் விற்பனை. அழகான பொட்டலம். பின்பக்கத்தைத் திருப்பினால் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: உடலுக்கு அவசியமான அயோடைடை இந்த உப்பு தராது. அயோடின் சேர்க்காத சமையல் உப்பில் இதை அச்சிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றியுள்ள பகுதியில் மண்ணில் அயோடின் குறைவு; கழுத்துக் கழலை அங்கே சாதாரணமாக இருந்த நோய். 1924-இல் மிச்சிகன் மாநிலத்தில் அயோடின் சேர்த்த உப்பு கடைகளுக்கு வந்தது. சில ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்துகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. யாரும் அதைத் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. வழக்கமான கடையில் உப்பு வாங்கினார்கள், அவ்வளவுதான். நம் ஊர் ரேஷன் கடையில் விற்கும் அரசு உப்பிலும் அதே அயோடின் இருக்கிறது.

இளஞ்சிவப்பு உப்பு விஷம் என்று சொல்ல வரவில்லை. அதில் இருக்கும் தாதுக்கள், நாம் சாப்பிடும் அளவில், உடம்புக்கு எந்தக் கணக்கிலும் வராது. ஆரோக்கியத்துக்கென்று பல மடங்கு விலை கொடுத்தவர் வீட்டில் இல்லாத ஒன்று, மலிவு உப்பு வாங்கியவர் வீட்டுக் குழந்தைக்குக் கிடைக்கிறது. இதை இந்தக் கடைக்கு வரும் எல்லோரும் யோசிக்க வேண்டும். மிகச் சாதாரணமான கடையின் மிக மலிவான பொருளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியம்தான் அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

தெரிந்த பெண் ஒருத்தி, கோயம்புத்தூர்க்காரி. கணவன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவன், உதவித்தொகையில் குடும்பம். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். பழப் பகுதியில் ஒரு ஸ்ட்ராபெரி டப்பாவை எடுத்தாள், விலையைப் பார்த்தாள், வைத்தாள்.

"இது கட்டுப்படியாகாதுங்கக்கா."

"பக்கத்துக் கடைல சாதா ஸ்ட்ராபெரி பாதி விலைக்குக் கிடைக்குமே, வாங்கிக்கோ."

"அதுல மருந்து ஜாஸ்தின்னு போட்டிருக்காங்கக்கா. பயமா இருக்குங்க. ரெண்டும் வேண்டாம்னு விட்டுட்டேன்."

அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி பழம் சாப்பிடாமல் இருக்கிறாள், ஆரோக்கியத்தின் பேரால். பூச்சிமருந்து எச்சம் அதிகமுள்ள பன்னிரண்டு விளைபொருள்கள் என்று ஒரு தொண்டு நிறுவனம் ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. ஸ்ட்ராபெரி அதில் வழக்கமாக முன்வரிசையில் இருக்கும். அந்தப் பட்டியலுக்கு ஆதாரமான அமெரிக்க வேளாண்துறையின் சோதனைகளிலேயே, 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில் எச்சம் அனுமதித்த வரம்புக்குள் இருப்பதாக ஆண்டுதோறும் வருகிறது. இந்த இரண்டாவது செய்தியை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. 2012-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, ஆர்கானிக் உணவில் மருந்து எச்சம் குறைவு என்பது உறுதியானது. சத்து கூடுதல் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. பழத்தைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசிச் சாப்பிடு, சாப்பிடாமல் மட்டும் இருக்காதே என்று சொல்லிப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

அப்படியானால் ஆர்கானிக் வீணா? என் தீர்ப்பு அப்படி இல்லை. அமெரிக்கச் சட்டப்படி ஆர்கானிக் என்று விற்க, அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தில் விலக்கப்பட்ட மருந்தோ உரமோ விழுந்திருக்கக் கூடாது. நான் அதை வாங்கும்போது நினைப்பது என் உடம்பை விட, அந்த நிலத்தில் குனிந்து நிற்பவரை. பழத்தில் எனக்கு எச்சம்தான் வருகிறது. தெளிக்கும் நாளில் முழு மருந்தும் அவர் மேல்தான் படுகிறது. ஃபுளோரிடாவின் இமொக்கலியில் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள், பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுங்கள் என்று பெரிய நிறுவனங்களிடம் போராடினார்கள். 2008-இல் ஹோல் ஃபுட்ஸ் அதற்குக் கையெழுத்துப் போட்டது. பல்பொருள் அங்காடிகளில் அதுவே முதல். அலமாரியில் இருக்கும் எந்தப் பொட்டலத்தை விடவும் எனக்கு இந்தச் செய்தி பெரிது. முருங்கையிலைப் பொடியும் மஞ்சள்தூளும் இங்கே தங்க எழுத்துப் பொட்டலத்தில் வரும்போது, நம் பக்கத்துப் பொருளுக்கு மதிப்பு வந்துவிட்டதே என்று தமிழர்கள் மகிழ்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த விலையில் முருங்கைக் காட்டுக்காரருக்கு எவ்வளவு போகிறது என்று பொட்டலத்தின் எந்தப் பக்கத்திலும் போட்டிருக்காது.

சிகாகோவின் தெற்குப் பகுதியில் எங்கிள்வுட் என்ற இடம். கறுப்பின மக்கள் மிகுந்த, வருமானம் குறைந்த பகுதி. 2016-இல் ஹோல் ஃபுட்ஸ் அங்கே ஒரு கிளை திறந்தது. அந்த இடத்தைத் தயார்செய்ய நகராட்சி ஒரு கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. நல்ல காய்கறிக்காகப் பேருந்து ஏறிப்போன மக்களுக்கு அது பெரிய நம்பிக்கை. 2022-இல் கடையை மூடிவிட்டார்கள். நிறுவனத்துக்கு அதன் கணக்கு இருக்கும். கணக்குப் பார்க்காமல் வியாபாரம் செய்ய முடியாது என்பது எனக்கும் புரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், நல்ல உணவை முழுக்க வியாபாரத்தின் பொறுப்பில் விட்டுவிட முடியாது. கணக்குச் சரிப்படாத நாளில் கடை போய்விடும். சாப்பிடுகிறவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள்.

நான் இந்தக் கடைக்குப் போவதை நிறுத்தப் போவதில்லை. கடலை விழுதைக் கிண்டிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் அவர்கள் அலமாரிக்காகப் போட்டிருக்கும் விலக்குப் பட்டியலை, ஒரு நாடு தனக்காகப் போட வேண்டிய பட்டியலின் வரைவாகவே படிக்கிறேன். சிவப்பு 3 என்ற சாயத்தை அவர்கள் எப்போதோ ஒதுக்கினார்கள். 2025 ஜனவரியில்தான் அமெரிக்க அரசு உணவில் அதன் அனுமதியை ரத்து செய்தது, 2027 வரை கால அவகாசம் கொடுத்து. தாமதம்தான். ஆனாலும் வந்த பிறகு, பத்து சென்ட் மிட்டாய் வாங்குகிற குழந்தைக்கும் அது வந்துவிடுகிறது.

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி மிகுந்த பொட்டலங்களின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோணச் சின்னம் போட வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் புரியும் சின்னம். இந்தியாவில் 2022-இல் பொட்டலத்தின் முன்பக்கத்தில் நட்சத்திர மதிப்பீடு போடலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இப்படிப்பட்ட வரைவுகள் ஆணையத்தின் இணையதளத்தில் வரும். பொதுமக்கள் யாரும் பதில் எழுதலாம். நிறுவனங்கள் தவறாமல் எழுதுகின்றன. அடுத்த வரைவு வரும்போது நீங்களும் எழுதுங்கள். கெடுதல் மிகுந்த பொட்டலத்தில் எச்சரிக்கையை முன்பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள்.