வண்டியின் வரலாறும் வாய்மையும்

உயிரற்ற பொருளுக்கு மானம் உண்டா? இக்கேள்வியை என் முன் வைத்தவர் தத்துவம் கற்ற பேராசிரியர் அல்லர். தொழிற்கல்விப் பள்ளியொன்றில் முப்பதாண்டுக் காலம் உலோக வேலை கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர். ஒரு பழைய வண்டியை வாங்கி, அதன் வரலாற்றைத் தேடப் புகுந்து, தேடலின் முடிவில் உறக்கம் கெட்டு, ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டு வாசலில் வந்து அமர்ந்தபோது அவர் வாயினின்று பிறந்த கேள்வி அது.

வண்டி, கேமரன் மலையில் காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டிருந்த ஒரு லேண்ட்ரோவர். அம்மலைக்குச் சென்று வந்தவர் அறிவர்: முகம் நசுங்கி, கதவு கழன்று, ஆயினும் சரிவில் மூச்சிரைத்து ஏறிவிடும் அப்பழைய வண்டிகளே அங்குள்ள தோட்டக்காரர்களின் கால்கள். விற்றவர், "இது வெள்ளைக்காரப் பட்டாளத்து வண்டி, ஐயா" என்று ஒரு சொல் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக நண்பர் ஐந்நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுத்தார். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அன்று. கடந்த காலத்துக்குக் கொடுத்த விலை அது.

லேண்ட்ரோவர் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக உலகோர் பார்வைக்கு வைக்கப்பட்டது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குப் பெருந்தட்டுப்பாடு. எனவே அடிச்சட்டத்தை மட்டும் எஃகினால் செய்து, மேலுடலை அலுமினியக் கலவைத் தகட்டால் மூடினர். அடுத்த ஆண்டிலேயே பிரிட்டிஷ் இராணுவம் அதனை வாங்கத் தொடங்கியது. அது பிறந்த இரண்டு திங்களுக்குள், 1948 ஜூனில், மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை நீண்ட அப்பன்னிரண்டு ஆண்டுகளில் நம் நாட்டுச் செம்மண் பாதைகளில் அவ்வண்டி ஓடாத பாதை குறைவு.

நண்பர் தேடிய முறை அழகானது, மாணவர்கள் அறியத்தக்கது. பிரிட்டிஷ் இராணுவம் 1949 முதல் தன் வண்டிகளுக்கு இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, மீண்டும் இரண்டு இலக்கம் என்னும் முறையில் எண்ணிட்டது. அதற்கு முன்பு லாரிக்கு 'எல்', மோட்டார் சைக்கிளுக்கு 'சி' என்று வகைக்கோர் எழுத்து முன்னால் நிற்கும். படையை விட்டு நீங்கிய வண்டியை வாங்குவோர் முதலில் செய்வது அதன்மேல் வேறு வண்ணம் பூசுவதே. ஆனால் பூச்சு மறைக்குமேயன்றி அழிக்காது. நண்பர் மெல்லிய மணல்தாளை நீரில் நனைத்து, முன்மூடியை நாள்தோறும் ஒரு சாண் அளவு தேய்த்தார். காய்கறி வணிகரின் நீலம் போயிற்று; அதன்கீழ் யாரோ பூசிய சிவப்பு; அதன்கீழ் இராணுவத்தின் கரும்பச்சை; அப்பச்சையின்மேல், நீருக்கடியில் கிடக்கும் நாணயம்போல, மங்கிய வெள்ளையில் ஆறு எழுத்துகள். அன்றிரவு அவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது, ஓலைச்சுவடியில் செல்லரித்த ஏட்டைப் படித்துவிட்ட பதிப்பாசிரியரின் குரல் கேட்டது.

எண் கிடைத்தால் வழி திறக்கும். பிரிட்டிஷ் இராணுவத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பதிவட்டை இருந்தது. கவச வண்டிகளை 'ஏ' வகை என்றும், கவசமில்லாதவற்றை 'பி' வகை என்றும் பிரித்திருந்தனர். எஞ்சியுள்ள பி வகை அட்டைகளை அவர்களுடைய போக்குவரத்து வழங்கல் படைப்பிரிவின் அருங்காட்சியகம் காத்து வருகிறது. நண்பர் எழுதினார், காத்திருந்தார்.

காத்திருந்த காலத்தில்தான் தவறு நிகழ்ந்தது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் வரலாற்று வாரம் நடந்தது; வண்டியைக் கொண்டுவரும்படி அழைத்தனர். வெறும் பச்சை வண்டியாகக் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. நூலொன்றில் கண்ட படைப்பிரிவின் சின்னத்தை முன்பக்கம் தீட்டினார். கதவின் கீழே ஒரு துளை இருந்தது. "ஐயா, இது குண்டு பட்டதா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். நண்பர் "ஆம்" என்றார். பிறகு அந்த 'ஆம்' வளர்ந்தது; காடு வந்தது, பதுங்கித் தாக்கிய கூட்டம் வந்தது, காயமுற்ற வீரனை ஏற்றிக்கொண்டு விரைந்த ஓட்டுநர் வந்தார். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டனர்.

அட்டையின் படி வந்து சேர்ந்தபோது அதில் இருந்தவை மூன்றே வரிகள். கிடங்கில் பெறப்பட்டது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தூரக்கிழக்குத் தரைப்படைக்குக் கப்பலேற்றப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின், படைக்கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. எந்தப் பிரிவு, எந்த ஊர், யார் ஓட்டினார், என்ன சுமந்தது என்பவை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"அட்டை என் கதையைப் பொய் என்று சொல்லவில்லையே!" என்றார் நண்பர். உண்மைதான். மெய் என்றும் சொல்லவில்லை. நான் அப்போது சொன்ன மறுமொழியை நினைத்தால் இன்று நாணமாக இருக்கிறது. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரே ஒரு விலக்கு அளித்திருக்கிறாரே, மாசற்ற நன்மை தருமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று, பிள்ளைகளுக்கு வரலாற்றில் ஆர்வம் பிறந்தது நன்மைதானே, விட்டுவிடுங்கள், என்றேன். தமிழாசிரியர்களாகிய நாம் இக்குறளைப் பல வேளைகளில் இப்படித்தான் கையாள்கிறோம்: 'நன்மை' என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதன் முன் நிற்கும் நிபந்தனையை நழுவ விடுகிறோம். நண்பர் பதில் சொல்லாமல் தம் விரலை மேசையில் சுழற்றினார். பிறகு, "குண்டு துளைத்தால் தகட்டின் விளிம்பு போன திசையில் மடங்கிக் கிழிந்திருக்கும். அந்தத் துளையோ துரப்பணம் போட்ட சுத்தமான வட்டம். கூடை கட்ட யாரோ போல்ட் மாட்டியிருக்கிறார்கள். முப்பது ஆண்டு தகடு வெட்டக் கற்பித்தவனுக்கு அது தெரியாதா? அன்றைக்கே தெரியும்" என்றார்.

இங்கேதான் சிக்கல் முழுமையாக வெளிப்படுகிறது. அறியாமல் பிழை கூறுவது வேறு. ஆவணத்தின் மௌனத்தை இடம் காலியாக இருக்கிறதென்று கருதி, விரும்பியதைக் குடிவைப்பது வேறு. செங்கம் வட்டாரத்து நடுகற்களை எண்ணிப் பார்க்கலாம். மன்னனின் ஆட்சியாண்டு, ஊர், எந்தப் பூசலில் பட்டான் என்பது, பட்டவனின் பெயர் ஆகியவற்றைச் சில வரிகளில் சொல்லி நிற்பவை அவை. எழுத்தில்லாத நடுகல் ஒன்று கிடைத்தால் அதில் நமக்குப் பிடித்த வீரனின் பெயரை வெட்டலாமா? வெட்டினால், பெயரறியாத ஒருவனின் கல்லையும் பறித்தோம். பெயருடைய வேறொருவனின் புகழையும் திருடினோம். ஆறணா வண்ணத்தில் தீட்டிய படைச்சின்னம் அதைவிடச் சிறிய குற்றமென்று எனக்குத் தோன்றவில்லை. கல்லில் வெட்டும் உழைப்பு இதில் இல்லை, அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு, அது இதனினும் கூர்மையானது. பழைய படைவண்டி வாங்குவோர் எல்லாரும் அது போர்முனை கண்டிருக்க வேண்டுமென்றே விரும்புகின்றனர். 1951 அக்டோபர் 6ஆம் நாள், பிரேசர் மலைக்குப் போகும் வழியில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று அவருக்குக் காவலாகச் சென்ற வண்டிகளில் ஒன்று தம்முடையது எனத் தெரியவந்தால் எவரும் ஊரழைத்துக் காட்டுவர். 1948 டிசம்பரில் பத்தாங்காலியில் ஆயுதமற்ற 24 பேர் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெண்களையும் பிள்ளைகளையும் அதற்கு முன்பே லாரியில் ஏற்றி அப்புறப்படுத்தியிருந்தனர். அந்த லாரி இன்று யாரிடமேனும் இருக்குமாயின், அதன் எண்ணை அவர் மணல்தாளால் தேடுவாரா, அல்லது இன்னொரு பூச்சுப் பூசுவாரா? வண்டியின் பெருமையில் எனக்குப் பங்குண்டு என்பவர், அதன் பழியில் பங்கில்லை என்று எந்த நியாயத்தால் சொல்வார்? வண்டி குற்றமற்றது, அதற்கு மானமும் இல்லை, பழியும் இல்லை. இரண்டையும் அதன்மேல் ஏற்றுபவர் நாமே. ஏற்றும்போது ஒன்றை மட்டும் ஏற்றுவது தராசில் கைவைப்பதாகும்.

'அது அதே வண்டிதானா?' என்று தத்துவம் பேசித் தப்பிக்கவும் வழியுண்டு. பாலி மொழியில் உள்ள மிலிந்த பஞ்ஹ என்னும் நூலில் நாகசேனர் என்னும் துறவி, மன்னன் மிலிந்தனிடம் அவன் ஏறிவந்த தேரைப் பற்றிக் கேட்கிறார்: அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர்? எதுவும் தனித்துத் தேரன்று. லேண்ட்ரோவரிலும் எஃகுச் சட்டம் துருப்பிடித்துப் போகும், அலுமினிய உடல் நிற்கும். பட்டறையில் ஒரு வண்டியின் சட்டமும் இன்னொன்றின் எஞ்சினும் மற்றொன்றின் கதவும் சேர்ந்து புதுப்பிறவி எடுப்பதுண்டு. எண் எழுதிய மூடியே வேறு வண்டியினுடையதாக இருக்கலாம் என்பதை நண்பரும் ஒப்புக்கொள்வார். ஆனால் நாகசேனர் அக்கேள்வியைப் பொய்க்கு இடங்கொடுக்கவா கேட்டார்? தேர் நிலையற்றதென்பது உண்மையாயினும், மன்னன் அதில் ஏறிவந்தான் என்பது பொய்யாகிவிடவில்லை.

நண்பரின் மனத்தை மாற்றியது என் வாதமன்று. அவர் வீட்டுக்கு எதிரே, எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். கித்தாத் தோட்டத்தில் பால்வெட்டி உழைத்த கைகள். 1950இல் வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் வாழ்ந்த மக்களை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்த்தனர். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும் ஒன்றுசேர்த்து வேலிக்குள் அடைத்தனர். காட்டிலிருப்போருக்கு உணவு போகாதிருக்க அரிசியைப் பங்கிட்டனர். கட்டுப்படுத்தப்பட்ட இடங்களில் தகரக் குவளை உணவைத் துளையிட்டே விற்றனர். வேலைக்குப் போகிறவர்களை வாயிலில் சோதித்தனர். அம்மூதாட்டி அப்போது பத்து வயதுச் சிறுமி. பச்சை வண்டியைக் கண்டு ஒருநாள் மெல்ல நடந்து வந்து அதன் மூடியைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்களை லாரியிலதான் ஏத்துனாங்க வாத்தியாரே. கோழி ரெண்டு விட்டுப்போச்சு, அம்மா அழுதுகிட்டே வந்தாங்க. முன்னால இந்த மாதிரி ஒரு வண்டி போச்சு" என்றார்.

"இதே வண்டியா, பாட்டி?" என்று நண்பர் கேட்டிருக்கிறார். கேட்கும்போது தமக்குள் பழைய ஆசை தலைதூக்கியதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு. தெரியாததை எப்படிச் சொல்றது?"

எழுதப் படிக்கத் தெரியாத அவர் ஒரு நொடியில் தீர்த்த கணக்கு அது. தம் வாழ்வின் பெருந்துயரத்துக்குச் சான்றாக ஒரு வண்டி கண்முன் நிற்கிறது. கைநீட்டி 'இதுதான்' என்று சொல்லியிருந்தால் மறுப்பார் யாருமில்லை. அவர் சொல்லவில்லை.

நண்பர் சின்னத்தை அழித்துவிட்டார். அழித்த இடம் மட்டும் சற்று வெளிறித் தெரிகிறது. அதன்மேல் பச்சை பூசலாமென்று நான் சொன்னதற்கு, இருக்கட்டும் என்றார். பள்ளிக்கு மீண்டும் சென்றார். தலைமையாசிரியர் அதை அவ்வளவு பெரிதாக எண்ண வேண்டியதில்லை என்றாராம். ஆயினும் அதே வகுப்பில் நின்று, துளை துரப்பணத்தால் போட்டது, தமக்கு அன்றே தெரியும், என்று சொன்னார். சில பிள்ளைகளுக்கு ஏமாற்றம். கேள்வி கேட்ட சிறுவனுக்குக் கோபம். அட்டையின் படியைக் கரும்பலகையில் ஒட்டி, மூன்று வரிகளையும் படித்துக் காட்டினார். இடையில் உள்ள ஆண்டுகளில் வண்டி எங்கே இருந்தது என்று ஒரு மாணவி கேட்டாள். தெரியாது என்றார். அந்த ஆண்டுகளில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டு வாருங்கள், என்றும் சொன்னார். அடுத்த வாரம் பதினோரு பிள்ளைகள் எழுதி வந்தனர். அவற்றுள் நான்கில் 'தாத்தாவுக்கு நினைவில்லை' என்று மட்டும் இருந்தது. அந்த நான்கு தாள்களையும் அவர் மற்றவற்றோடு சேர்த்தே கோப்பில் வைத்திருக்கிறார்.