வாசிக்காத வருஷங்கள்

ஜே.ஜே. ஜான்சனின் 'குவின்டர்ஜி' இசைத்தட்டைக் கேமரன் மலையில், அப்பாவின் தோட்டத்து வீட்டில் கேட்டேன். 1988 ஜூலையில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் விடுதியில் நேரடியாகப் பதிவானது. டிராம்போனில் ஜான்சன், டெனர் சாக்ஸபோனில் ரால்ஃப் மூர், பியானோவில் ஸ்டான்லி கவல், பாஸில் ரூஃபஸ் ரீட், டிரம்ஸில் விக்டர் லூயிஸ். தலைவருக்கு அப்போது வயது 64.

டிராம்போனில் விரல் வைக்கத் துளை கிடையாது. குழாயை நீட்டி, மடக்கி, சுருதியைக் காதாலேயே பிடிக்க வேண்டும். ஜான்சனின் வேகத்தைக் கேட்டு, அது வால்வு வைத்த கருவி என்று ஏமாந்தவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவர் 1952-இல் மேடையை விட்டு, ஸ்பெர்ரி நிறுவனத்தில் வரைபடம் சரிபார்க்கும் வேலைக்குப் போனார். 1954-இல் திரும்பி வந்தார். 1970-இல் படங்களுக்கு இசையமைக்க ஹாலிவுட் போனவர், மேடைக்கு முழுதாகத் திரும்பியது 1987-இல்தான். நானும் வரைபடங்களோடு மாரடிக்கும் பொறியாளன். கேட்டதும் வயிறு எரிந்தது.

"அத்தன வருஷமும் வீண்பா" என்றேன்.

"யாருக்குடா வீணு?" என்றார் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. அப்பா தோட்டத்து மாரியம்மன் கோயிலில் உறுமி வாசித்தவர். அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது அதைப் பரணில் ஏற்றினார். அம்மா போய் நாலு வருஷமாகியும் இறக்கவில்லை. "உங்க கைய வீணாக்கிட்டீங்க" என்று ஒருமுறை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பதிவு முடிந்த அதே 1988-இல் ஜான்சனின் மனைவி விவியனையும் பக்கவாதம் தாக்கியது. 1991-இல் அவர் இறக்கும்வரை ஜான்சன் கச்சேரிகளை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டார். பிறகு வந்த இசைத்தட்டின் பெயரே 'விவியன்'.

அதனால் ஜான்சனை மன்னிப்பது நமக்கு எளிது. திரும்பி வந்தார், இசைத்தட்டும் தந்தார். வராமலே போயிருந்தால்? அந்த மூன்று வருஷத்தை வீண் என்றிருப்போமா? திறமையை ஊரார் கொடுத்த கடன்போல நினைக்கிறோம். வட்டி வந்தால்தான் ஆளை மதிக்கிறோம். கேட்காமல் போன இசை நமக்கு இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நமக்கு இழப்பு என்பதாலேயே அது அவருடைய குற்றமாகிவிடாது. நோயாளிக்குச் சோறு ஊட்டிய கைக்கு ஓர் இசைத்தட்டு வந்துதான் நியாயம் சொல்ல வேண்டுமா?

மறுபடி தட்டைப் போட்டேன். கவல் பியானோவில் தனியே போகிறார், ஜான்சன் வாசிக்கவில்லை. அப்போதும் அது அவருடைய குழுதான்.

பரணில் இருக்கும் உறுமியைப் பற்றி அப்பாவிடம் இப்போது கேட்பதில்லை. அவராக இறக்கினால் தூசி தட்ட நான் இருக்கிறேன். இறக்காவிட்டாலும் சரி.