நிய்யத் இல்லாத விடை

வயலிலிருந்து களைத்து வந்த சம்மாந்துறை விவசாயி ஒருவர் ரமழான் இரவில் நிய்யத், அதாவது நோன்பு நோற்கும் எண்ணம், வைக்காமலே தூங்கிப்போனார், ஸஹருக்கும் எழும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். அன்று மஃரிப் வரை ஒரு மிடறு தண்ணீரும் தொண்டையில் இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் எந்தப் பசியோ அதே பசிதான் அவருக்கும். ஆனாலும் இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அது நோன்பாகாது. பர்ளான நோன்புக்கு இரவிலேயே நிய்யத் வேண்டும். அன்று நோன்பாளியைப் போலவே இருந்துவிட்டு, பின்னர் இன்னொரு நாள் நோற்று கழாவும் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் முற்பகல் வரை அவகாசம் உண்டு.

இதே ஊரில்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. கணினி படிப்பவர்கள் அசெம்பிளி மொழியில் இந்தச் சிக்கலை வேறு உருவில் பார்க்கலாம்.

ஃபங்ஷன் விடையைத் திருப்பிக் கொடுக்கிறது என்பது நம் பேச்சுவழக்கு. செயலிக்கு அப்படியொன்றும் தெரியாது. 'ரெட்' என்ற கட்டளை ஸ்டாக்கின் உச்சியில் கிடக்கும் முகவரியை எடுத்து அங்கே தாவும், அவ்வளவுதான். இன்டெல் வகைச் செயலிகளில் முழு எண் விடை இஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் இருக்கும் என்பது வெறும் உடன்படிக்கை. அழைத்தவர் திரும்பி வந்து அங்கே பார்ப்பார், இருப்பதை எடுத்துக்கொள்வார்.

சி மொழியில் இரண்டு எண்களைக் கூட்டி ஒரு மாறியில் வைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, 'ரிட்டர்ன்' வரியை மட்டும் மறந்துவிடுங்கள். ஜிசிசி கம்பைலரைச் செம்மையாக்கம் இல்லாமல் ஓட்டினால் பெரும்பாலும் விடை சரியாகவே வரும்! கூட்டல் நடந்த இடம் இஏஎக்ஸ். கூட்டுத்தொகை அங்கேயே தங்கிவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, ஆனால் கிடைத்துவிட்டது.

அது விடையா? ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பதுதான். இயந்திரத்துக்கு ஏது எண்ணம் என்று கேட்கலாம், நியாயம்தான். எண்ணம் எழுதியவருடையது, அதைச் சொல்லும் இடம் அந்த 'ரிட்டர்ன்' வரி. வெளியிலிருந்து பார்த்தால் கொடுத்த விடையும் தானாகத் தங்கிய விடையும் ஒன்றுபோலவே தெரியும், பட்டினியும் நோன்பும் அடுத்த வீட்டாருக்கு ஒன்றுபோலத் தெரிவது மாதிரி. ஆனால் விவசாயிக்குக் கழா என்ற வழி இருக்கிறது. ஃபங்ஷனுக்கு அதுவும் இல்லை.

அதே நிரலைச் செம்மையாக்கத்தோடு கம்பைல் செய்தால் குட்டு வெளிப்படும். யாருக்கும் கொடுக்காத கூட்டுத்தொகை எதற்கு என்று கம்பைலர் கூட்டலையே நீக்கிவிடும். மிஞ்சுவது ஒற்றை 'ரெட்'. இஏஎக்ஸில் முன்பு யாரோ விட்டுப்போன எண்தான் விடையாகப் போய்ச் சேரும். மறந்த வரியைச் சேர்த்தாலோ, 'ரெட்'டுக்கு முன்னால் கூட்டல் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.