கட்டுதல் குற்றமாகுமா?

கொல்லாமை என்னும் அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தாருக்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. உயிர்களைக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்புகளைச் சிதைத்தல், தாங்கவொண்ணாப் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. உரையாசிரியர்கள் இவற்றைப் பெரும்பாலும் பசு, எருது முதலியவற்றைக் கொண்டே விளக்கினர். மாட்டுத் தொழுவம் அருகிவரும் இந்நாளில், வீட்டிலுள்ள குழந்தையைக் கொண்டு இவற்றை எண்ணிப் பார்த்தல் நலம். முதலாவதாகச் சொல்லப்பட்ட கட்டுதலை, கை முறிந்த குழந்தைக்குப் போடும் மாவுக்கட்டோடு பொருத்திப் பார்க்க விரும்புகிறேன்.

கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கோத்தகிரி போன்ற ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே வீட்டிற்கு வீடு படிக்கட்டு. படியைத் தாண்டினால் தேயிலைச் சரிவு. மழைக்காலத்தில் தடுப்புச் சுவரெல்லாம் பாசி. பணியின் பொருட்டு அம்மலையில் குடியேறிய ஒரு குடும்பத்தின் ஆறு வயதுக் குழந்தை, சுவரிலிருந்து வழுக்கிக் கையை ஊன்றி விழுகிறது. முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது. இவ்வயதுக் குழந்தைகளுக்கு மிகவும் பரவலாக நேரும் முறிவு இது. மருத்துவர் எலும்பை நேர்ப்படுத்திக் கட்டுப்போடுகிறார். மயக்கம் தெளிந்த குழந்தை, "இதைக் கழற்றுங்கள்" என்று தாயிடம் கெஞ்சுகிறது. மூன்று நான்கு வாரம் கழற்ற இயலாது. ஓர் உயிரை, அது வேண்டாமென்று அழ அழக் கட்டிவைத்திருக்கிறோம். இது அதிசாரம் ஆகாதா?

ஆகாது என்று எவரும் உடனே சொல்லிவிடுவர். காரணத்தைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பூஜ்யபாத ஆசாரியர் சர்வார்த்தசித்தியின் ஆறாம் அத்தியாயத்தில், துன்பம் விளைவிக்கும் வினையைப் பற்றிப் பேசுமிடத்து, ஒரு மருத்துவரை உவமையாகக் காட்டுகிறார். கருணை மிக்க அம்மருத்துவர் ஒரு முனிவரின் உடலிலுள்ள கட்டியைக் கீறுகிறார். முனிவருக்கு வலிக்கிறது. ஆயினும் வலிக்குப் புறக்காரணமாக நின்றதனாலேயே மருத்துவருக்குப் பாவம் பந்திப்பதில்லை. நோக்கம் தூயது, உள்ளத்தில் வஞ்சமில்லை.

நம்மவர் பலர் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். நல்லெண்ணத்தோடு செய்தோம், ஆகையால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று கருதுகின்றனர். அதே நூலின் ஏழாம் அத்தியாயம் இம்சைக்கு இலக்கணம் கூறுங்கால் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முன்வைப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். வெறுப்பு மட்டுமே இம்சைக்கு வித்தன்று, அசட்டையும் வித்து. கீறுகின்ற மருத்துவரின் செயல் ஒரு கணத்தில் முடிகிறது. மாவுக்கட்டோ இரவும் பகலும் தொடரும் செயல். கட்டியவர் ஒருவர், அதைக் காவல் காப்பவர் பெற்றோர்.

முறிந்த இடம் முதல் இரண்டு மூன்று நாட்களில் வீங்கும். ஈரத்துணியில் ஜிப்சம் மாவு இறுகிக் கல்லாவதே மாவுக்கட்டு. டச்சு ராணுவ மருத்துவர் மத்தைசன் 1852-இல் இம்முறையை வெளியிட்டார். கல் விரிந்து கொடுக்காது. வீக்கம் கண்டு கட்டு இறுகினால் தசைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுகிறது. முதல் நாட்களில் முழுக்கட்டுப் போடாமல் பல மருத்துவர்கள் அரைக்கட்டோடு நிறுத்துவது இதனால்தான். சில மணி நேரம் இரத்தமின்றி வாடிய தசை பின்னர் மீளாது. விரல்கள் மடங்கி வாழ்நாள் முழுதும் அப்படியே நின்றுவிடும். இக்கேட்டினை 1881-இல் விவரித்த ஜெர்மானிய அறுவை மருத்துவர் வோல்க்மன் பெயராலேயே மருத்துவ நூல்கள் அதனைக் குறிக்கின்றன. மருந்து கொடுத்தும் ஏறிக்கொண்டே போகும் வலி, விரலை மெல்ல நிமிர்த்தினால் குழந்தை துடித்தல், விரல் நுனி வெளுத்தல் அல்லது நீலம் பாரித்தல், மரத்துப்போதல் ஆகியவை எச்சரிக்கைகள்.

இரவு இரண்டு மணிக்கு இவ்வெச்சரிக்கை வந்தால் என் செய்வது? வெளியே மூடுபனி. சாலையில் காட்டெருமை நிற்கும். குன்னூருக்கோ மேட்டுப்பாளையத்திற்கோ கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கவேண்டும். "குழந்தைதானே, அழும், விடியட்டும்" என்று சொல்லத் தோன்றும். அந்தச் சொல்லில் கொடுமை இல்லை, அன்பும் குறையவில்லை. ஆயினும் சூத்திரம் சுட்டும் பிரமாதம் வேறெங்கும் இல்லை, அதில்தான் இருக்கிறது. அண்டை வீட்டாரை எழுப்பியேனும், வாடகை வண்டி பிடித்தேனும், அவ்விரவே கட்டைத் தளர்த்தச் செய்யும் பெற்றோரே மருத்துவரின் உவமைக்குள் அடங்குவர்.

மலைக்குளிரில் கட்டு உலரவும் நாளாகும். அதற்காகக் கணப்பின் அருகே கையை வைத்துச் சூடேற்றலாகாது. சூடு உள்ளே தோலைச் சுடும். கம்பளிச் சட்டையின் கையைத் தையல் பிரித்துவிடுவது எளிது. அரிக்கிறதென்று குழந்தை பின்னல் ஊசியைச் செருகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் அதிசாரமும் இங்கே வந்து நிற்கிறது. முட்டை கொடுங்கள், ஆட்டுக்கால் சாறு கொடுங்கள், இல்லாவிடில் எலும்பு கூடாது என்று அக்கம்பக்கத்தார் அன்போடு சொல்வர். நாட்டுக்கட்டுப் போடுவோர் சிலர் முட்டை வெள்ளைக்கருவையே பற்றாக இடுவதும் உண்டு. விரதத்தின் பெயரால் குழந்தைக்கு வேண்டிய உணவைத் தடுக்கிறோமோ என்று தாய் கலங்குவாள். கலங்க வேண்டுவதில்லை. எலும்பு கேட்பது சுண்ணாம்புச் சத்து, புரதம், வைட்டமின் டி ஆகியவற்றையே. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. பால், தயிர், எள், பருப்பு, முருங்கைக்கீரை நம் சமையலறையிலேயே உள்ளன. வெயில் காணாத மாதங்களில் வைட்டமின் டி சொட்டு மருந்து தேவைதானா என்று மருத்துவரைக் கேட்கலாம்; மாத்திரை உறைகள் பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை என்பதால், சொட்டு மருந்தைக் கேட்டு வாங்குவது நமக்கு ஏற்றது. ஆனால் இவற்றில் எதையும் தேடிக் கொடாமல், ரசஞ்சோற்றோடு நிறுத்திவிட்டு, "நாங்கள் விரதக்காரர்" என்று சொல்லிக்கொண்டால், அங்கே உணவு மறுத்தல் நிகழ்ந்தே விட்டது. பொழுது சாய்ந்தபின் வலி மருந்தையும் அதனோடு சிறிது பாலையும் குழந்தைக்கு மறுப்பதும் எனக்கு உடன்பாடன்று. பெரியோர் சிலர் மாறுபடலாம். அவ்விரதம் ஏற்றவருடையது, குழந்தை இன்னும் ஏற்கவில்லை.

நலம் விசாரிக்க வரும் முதியோர் சிலர், குழந்தையின் காதுபடவே, "முன்வினை" என்று பெருமூச்செறிவர். வினைக்கோட்பாடு தன்னைத்தான் ஆராய்வதற்கு வகுக்கப்பட்டது. பிறருக்குத் துயரமும் அழுகையும் விளைவித்தல் அசாதா வேதனீயத்திற்குக் காரணமென்று முற்கூறிய ஆறாம் அத்தியாயமே கூறுகிறது. ஆறு வயதுக் குழந்தையிடம் அவ்வாறு பேசுவோர் தம் கணக்கையே பெருக்கிக்கொள்கின்றனர்.

கட்டைப் பிரிக்கும் நாளில் ரம்பத்தின் ஓசை கேட்டுக் குழந்தை நடுங்கும். அதன் பல் சுழல்வதில்லை, அதிர்கிறது, இறுகிய மாவைத்தான் அறுக்கும் என்று முன்னரே உண்மையாகச் சொல்லி வைக்கலாம். உள்ளிருந்து வரும் கை மெலிந்து, தோலுரிந்து, மடங்கியபடி இருக்கும். பாட்டிமார் எண்ணெய்க் கிண்ணத்தோடு காத்திருப்பர். முழங்கையை அழுத்தித் தேய்த்து நீட்டினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிப்போகக்கூடும். ஆகையால் கிண்ணத்தை அன்போடு வாங்கி வைத்துவிட்டு, குழந்தையின் முன் ஒரு பந்தையோ சோழிகளையோ போட்டுவிடுவது மேல். நீட்டுவதும் மடக்குவதும் தன்னால் இயன்ற அளவில் அதுவே செய்துகொள்ளும். முழுதும் நிமிர வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.