சொல்லாமல் மாற்றிக்கொண்ட விளக்கம்

2012ஆம் ஆண்டு பெரியப்பா இறந்த அன்று, மருத்துவமனை கவுண்டரில் இருந்த பெண் பெரியம்மாவின் ஐசியைக் கேட்டார். பெரியம்மா கைப்பையின் அடியிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே மைகாட் இருந்தது. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் யாரும் மைகாட் எடுத்ததில்லை. சற்றுத் தள்ளி நின்றிருந்த பாஸ்டர் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல், உடம்பைத் திருப்பி மறைத்துக்கொண்டு அட்டையை நீட்டினார்.

அன்று மாலையே சவப்பெட்டிக்கு ஏற்பாடு செய்ய நானும் பாஸ்டரும் அவருடைய காரில் போனோம். டோல் வந்தது. அவர் கண்ணாடியை இறக்கி வலது கையை நீட்டி, பணப்பையிலிருந்து எடுத்த அட்டையைக் கருவியில் தொட்டார். தடுப்புக் கம்பி உயர்ந்தது. அதுவும் மைகாட்தான்.

அன்று பார்த்த இரண்டு அட்டைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மைகாட் 2001இல் மலேசியாவில் அறிமுகமானது. அதற்கு முன்பு நாங்கள் வைத்திருந்தவற்றில் சில்லு கிடையாது. புதியதில் சில்லு இருந்தது. அதற்குள் கட்டைவிரல் ரேகை இருந்தது. டச் அண்ட் கோ வசதியால் டோல் கட்டலாம். எங்களில் பலருக்கு இது அரசாங்கம் கொண்டுவந்த இன்னொரு புது அட்டை, அவ்வளவுதான். பெரியப்பா போய்க்கொண்டிருந்த சிறிய சபையில் அது வேறு ஒன்றாக ஆனது.

வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தில் ஒரு மிருகம் வருகிறது. அதன் முத்திரையை வலது கையிலோ நெற்றியிலோ பெறாதவர் எதையும் வாங்கவோ விற்கவோ முடியாது. அதன் எண் 666. அடுத்த அதிகாரத்தில், முத்திரை பெற்றவருக்கு இரவும் பகலும் ஓய்வில்லாத தண்டனை என்று எச்சரிக்கை வருகிறது. சில்லு, கட்டைவிரல், பணம் கட்டும் வசதி ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்து, "இது முத்திரைக்கு முன்னோட்டம், விசுவாசி தொடக் கூடாது" என்று பாஸ்டர் பிரசங்கித்தார். பெரியப்பா அதைக் கேட்டார். கேட்டது மட்டுமல்ல, அதன்படி பதினோரு வருஷம் வாழ்ந்தார்.

எங்கள் வீடு மெதடிஸ்ட். எங்கள் ஆலயத்தில் இந்த அதிகாரத்தைப் பிரசங்க மேடையில் கேட்டதாகவே எனக்கு நினைவில்லை. கிறிஸ்மஸ் சாப்பாட்டு மேசையில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு உலகங்களைப் பேசுவார்கள். அப்பாவுக்கு அது ரோம ராஜ்யத்தில் துன்பப்பட்ட சபைகளுக்கு எழுதிய ஆறுதல் கடிதம். பெரியப்பாவுக்கு அது நாளைய செய்தித்தாள்.

இந்தச் சண்டை எங்கள் மேசையில் தொடங்கியதல்ல. அப்பா சொன்னதற்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. நேரோ இராயனின் பெயரை எபிரேய எழுத்தில் எழுதி, எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் 666 வரும். பெயரின் கடைசியில் உள்ள 'நூன்' எழுத்தை விட்டுவிட்டால் ஐம்பது குறைந்து 616 ஆகும். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. இந்த வாசிப்பில் மிருகம் முதல் நூற்றாண்டிலேயே வந்து போய்விட்டது. சீர்திருத்தக் காலத்துப் புரட்டஸ்தாந்துகள் பலர் இதே மிருகத்தைப் போப்பாண்டவர் ஆட்சியாகப் பார்த்தார்கள். 1260 நாளை 1260 வருஷமாக்கி ஐரோப்பிய வரலாற்றோடு ஒட்டிக் கணக்குப் போட்டார்கள். எந்தக் காலத்திலும் எந்தச் சாம்ராஜ்யத்திலும் தலைகாட்டும் அகங்காரத்தின் படம்தான் அது என்று வாசிப்பவர்களும் உண்டு.

பெரியப்பாவின் வாசிப்பு இவை எல்லாவற்றையும்விட வேறு. இரகசிய வருகை, ஏழு வருஷ உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்து, பிறகு ஆயிரவருட அரசாட்சி என்று வரிசையாக அடுக்கி, எல்லாமே இனிமேல் நடக்கப்போவது என்று சொல்லும் வாசிப்பு. இந்த அடுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியிடம் உருவெடுத்தது. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் அதை வசனத்துக்குக் கீழேயே குறிப்பாக அச்சிட்டு உலகமெங்கும் கொண்டுபோனது. வசனம் எது, குறிப்பு எது என்று பிரித்துப் பார்க்காமல் வாசித்தவர்கள் நிறையப் பேர். பெரியப்பா ஸ்கோஃபீல்டைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஆனால் அவர் பேசியது அந்தக் குறிப்புகளைத்தான்.

ஆயிரம் வருஷம் என்பதிலும் ஒற்றுமை கிடையாது. ஆரம்பகாலத் திருச்சபைத் தந்தையரில் சிலர் அதை உண்மையான ஆயிரம் வருஷமாகவே எதிர்பார்த்தார்கள். அகஸ்டின் அதைத் திருச்சபையின் காலத்துக்கான உருவகம் என்றார். சுவிசேஷம் பரவி உலகம் மெல்ல நல்லதாகி, அதன் முடிவில்தான் கிறிஸ்து வருவார் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். எல்லோரும் பக்தர்கள், எல்லோரும் வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. என் கேள்வி வேறு. ஒருவர் சொன்ன விளக்கத்தை நம்பி இன்னொருவர் விலை கொடுக்கிறார். பிறகு விளக்கம் சொன்னவருடைய மனம் மாறிவிடுகிறது. அப்போது அவருக்கு என்ன கடமை இருக்கிறது?

பெரியப்பா கொடுத்த விலை சின்னதல்ல. ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணத்தை எடுக்கப் போனபோது புது ஐசி வேண்டும் என்றார்கள். திரும்பி வந்துவிட்டார். "வாங்கவும் முடியாது விற்கவும் முடியாதுன்னு எழுதியிருக்குல்ல, அது இதான்" என்றார். தடை வரவர அவருடைய நம்பிக்கை உறுதியானது. அந்த வாசிப்பின் பலமே அதுதான். உலகம் முட்டும் ஒவ்வொரு முட்டும் அதற்குச் சாட்சியாகிவிடும்.

ஆனால் அரிசி வாங்க வேண்டுமே. பெரியம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குப் போனார். அங்கே மைகாட் இல்லாமல் வேலை இல்லை. யாருக்கும் சொல்லாமல் போய் எடுத்துக்கொண்டார். அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தார். இதையெல்லாம் அடக்கம் முடிந்த மறுநாள் அவர் என்னிடம் சொன்னார். "நான் முத்திரை வாங்கிட்டேன்யா. எனக்குத் தெரியும். கர்த்தர் வந்தா அவர எடுத்துக்கிட்டு என்னை விட்டுட்டுப் போவாரு. பரவால்ல, அவருக்குச் சோறு போட வேற வழி இல்ல."

எட்டு வருஷம் அந்தப் பெண்மணி தான் நரகத்துக்குப் போகப்போகிறோம் என்று நம்பிக்கொண்டு, கணவருக்குச் சோறாக்கிப் போட்டிருக்கிறார்.

இனி டோலுக்கு வருவோம். அன்று காரில் நான் பாஸ்டரைக் கேட்டேன்.

"பாஸ்டர், அது மைகாட்தானே?"

"ஆமா தம்பி." கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்து ஓட்டினார். "அதெல்லாம் அப்பக் கொடுத்த போதனை. பிறகு நிறைய வாசிச்சேன். கார்டு இல்ல விஷயம், யாரை வணங்குறோம்ங்கிறதுதான் விஷயம்னு புரிஞ்சிச்சி. 2004லயே எடுத்துட்டேன்."

"சபையில சொன்னீங்களா?"

"அதைப் பத்திப் பேசறத விட்டுட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. பெரியப்பா படுக்கையில் இருந்தபோது வாரம் இரண்டு முறை வந்து ஜெபித்தவர். காணிக்கையை வைத்து வீடு கட்டியவரும் இல்லை. நேர்மையாகத் தவறாகப் புரிந்துகொண்டார், நேர்மையாகப் படித்துத் திருத்திக்கொண்டார். திருத்தம் மட்டும் அவருடைய பணப்பைக்குள்ளேயே தங்கிவிட்டது.

தேதி குறித்தவர்களை நாம் எளிதாகச் சிரித்துவிடுகிறோம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேலின் 2300 நாளை வருஷமாக்கிக் கணக்கிட்டார். அவருடைய இயக்கம் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்ற நாளில் வந்து நின்றது. வயலில் விளைந்ததை அறுக்காமல் காத்திருந்தவர்கள் உண்டு. மறுநாள் சூரியன் வழக்கம்போல் உதித்தது. நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு திருவிதாங்கூரில் 1881இல் வருகை என்று அறிவித்துக் கூட்டம் சேர்த்தார். அண்மையில் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். அது பொய்த்ததும் அக்டோபருக்குத் தள்ளினார். சேமிப்பையெல்லாம் அந்த விளம்பரத்துக்கே கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

ஆனாலும் தேதி சொன்னவருக்கு ஒரு மறுநாள் காலை உண்டு. ஊர் முழுக்கப் பார்க்க அவர் எழுந்து நிற்க வேண்டும். மில்லர் தன் கணக்குத் தவறியதை எழுத்தில் ஒப்புக்கொண்டார். கேம்பிங்கும் 2012இல் தேதி குறித்தது பாவம் என்று நேயர்களுக்குக் கடிதம் எழுதினார். தாமதம்தான், இழந்த பணம் திரும்பவில்லைதான். ஆனால் கேட்டவர்களிடம் திரும்பிப் போய்ச் சொன்னார்கள்.

தேதி சொல்லாத விளக்கத்துக்கு இந்த மறுநாள் வருவதே இல்லை. ஹால் லிண்ட்சே 1970இல் வெளியிட்ட புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. பத்துக் கொம்புள்ள மிருகத்தை ஐரோப்பியப் பொதுச் சந்தையோடு இணைத்துக் காட்டியது. 1981இல் கிரீஸ் பத்தாவது நாடாகச் சேர்ந்தது. 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டாகிவிட்டது. அதனால் அந்த வகை எழுத்து நின்றுவிடவில்லை. பழைய அடையாளம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும், புதியது ஒன்று வரும். பார்கோடு போய்ச் சில்லு வந்தது, சில்லு போய்த் தடுப்பூசி வந்தது. ஒவ்வொரு முறையும் பின்னால் யாரோ ஒருவர் பழைய விளக்கத்தை வாழ்ந்துகொண்டு தனியாக நிற்பார்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, பெரியப்பா வளர்ந்த மனிதர், தானாகத் தேர்ந்தார் என்பது. உண்மைதான். அவருடைய பிடிவாதத்தை நான் மதிக்கவும் செய்கிறேன். சக்கரவர்த்தியின் சிலைக்கு முன் ஒரு சிட்டிகை தூபம் போட மறுத்து உயிரை விட்டவர்களின் வரிசையில்தான் அவர் தன்னை வைத்துப் பார்த்தார். ஆனால் ஒருவர் தேர்வது தனக்குச் சொல்லப்பட்டதை வைத்துத்தான். தகவல் மாறியது தெரியாதவருக்கு இரண்டாவது தேர்வு கிடைக்கவே இல்லை.

இரண்டாவது, மனம் மாறும் போதெல்லாம் போதகர் ஒவ்வொருவர் வீடாகப் போய்க்கொண்டிருக்க முடியுமா என்பது. எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஆயிரம் வருஷம் உருவகமா நிஜமா என்பதில் மனம் மாறினால் யாருக்கும் பட்டினி வராது. ஆனால் "இதைத் தொட்டால் நரகம்" என்று மைக்கில் சொன்ன சொல்லுக்கு, "தொடலாம், நான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்ற சொல்லும் அதே மைக்கில் வர வேண்டும். கேட்டவர் கொடுத்த விலை எவ்வளவோ, திருத்தத்தின் சத்தமும் அவ்வளவு இருக்க வேண்டும். பேசாமல் விட்டுவிடுவது திருத்தம் ஆகாது.

இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயராக இருந்த ஐரேனியஸ் 666க்குப் பொருந்தும் சில பெயர்களைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் எதையும் அறுதியாகச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். பெயர் இப்போதே தெரிய வேண்டும் என்றிருந்தால் தரிசனம் கண்டவரே சொல்லியிருப்பார் என்பது அவருடைய வாதம். இத்தனைக்கும் அவர் ஆயிரவருட அரசாட்சியை அப்படியே நம்பியவர். எந்த வாசிப்பை வைத்திருப்பவரும் அவரைப் போல் நிறுத்திக்கொள்ளலாம். விளக்கத்தை விளக்கம் என்று சொல்லிக் கொடுக்கலாம்.

நான் பாஸ்டரிடம் அரிசி டின் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து பெரியம்மா வீட்டுக்கு வந்தார், நானும் இருந்தேன். பணப்பையைத் திறந்து தன் மைகாட்டை மேசைமேல் வைத்தார். "அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்மா. நீங்க ஒன்னும் பாவம் பண்ணல" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

பெரியம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். சேமநிதிப் பணத்தைப் பற்றியோ துடைத்த தரைகளைப் பற்றியோ கேட்பார் என்று நினைத்தேன். அவர் மேசையில் இருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப நான் அவரைப் பாக்கலாமா பாஸ்டர்?"